மைக்கைப் பிடுங்கிய ஒருவர்

அங்கிள் என்று கூப்பிடாதே அம்மா. தோழர் என்று சொல்ல வாய் வரவில்லை என்றால் பெரியவர் என்று சொல். அதுவும் வரவில்லை என்றால் ஒன்றுமே சொல்லாதே. வரிசையின் கடைசி இதுதானே? உன் பின்னால் நான். யாராவது இடையில் நுழைந்தால் சாட்சி சொல்ல வேண்டும். வரிசையும் ஓர் உரிமைதான். உரிமையை விட்டுக்கொடுத்து எனக்குப் பழக்கமில்லை.

டெரன்ஸ் உள்ளே வந்துவிட்டாரா? மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறாரா? நல்லது. வாசலில் நீலச் சட்டை போட்ட ஒருவன், "ஒரு கையெழுத்து, ஒரு போட்டோ, நகர்ந்துடணும் சார். ஆளுக்கு ஒரு நிமிஷம்தான்" என்றான். முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்தவனுக்கு ஒரு நிமிஷம். போகட்டும். ஒரு நிமிஷத்தில் ஒரு ஷிப்டையே வெளியே கூட்டிக்கொண்டு வந்தவன் நான். எனக்கு அது போதும்.

இந்தப் பையையா பார்க்கிறாய்? வெடிகுண்டு இல்லை, பயப்படாதே. துண்டறிக்கை. 'பாடகரே, பதில் சொல்லுங்கள்!' என்று தலைப்பு. கீழே நான்கு கோரிக்கைகள். இன்னும் யார் கையிலும் கொடுக்கவில்லை. கூட்டத்துக்கு உள்ளே போகிறவனிடம் கொடுத்தால் மடித்து விசிறிக்கொள்வான். வெளியே வருகிறவனிடம் கொடுத்தால் பஸ் நிறுத்தத்தில் நின்று படிப்பான். இதெல்லாம் அனுபவத்தில் வருவது. கையெழுத்து வாங்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு நீங்கள் எல்லோரும் வெளியே வரும்போது கொடுப்பதாகத் திட்டம். அதற்கு முன்னால் அவர் முகத்துக்கு நேராக ஒன்று கொடுத்துவிட வேண்டும். அதற்காகத்தான் இந்த வரிசை.

என் பெயர் தணிகாசலம். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள், சிலர் நல்லபடியாகவும் சொல்வார்கள். லாரிக்கு அடியில் கமான் பட்டை இருக்கும் பார், அந்த இரும்பைக் காய்ச்சி வளைக்கிற கம்பெனி. பெயர் சொல்ல மாட்டேன். அவனுக்கு இலவச விளம்பரம் நான் எதற்குச் செய்ய வேண்டும்? அங்கே சங்கச் செயலாளர். படிப்பு எட்டாவதோடு நின்றது. பிறகு படித்ததெல்லாம் துண்டறிக்கையும், மேடைக்குக் கீழே துணி விரித்து விற்கும் சின்னப் புத்தகங்களும்தான். அதனால் என் பேச்சு இப்படித்தான் இருக்கும். வீட்டில்கூடக் கேலி செய்வார்கள். "சோறு வேணும்னா சோறு வேணும்னு சொல்லுங்க. கோரிக்கை வைக்காதீங்க" என்பார்கள்.

சிரிக்கிறாய். சிரி. பரவாயில்லை.

ரசிகன் என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது அம்மா. எந்த நடிகனுக்கும் நான் கைதட்டியவன் இல்லை. கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவனைப் பார்த்தால், அந்தப் பாலை உன் பிள்ளைக்குக் கொடுடா என்று நடுரோட்டில் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் டெரன்ஸ் வேறு. முதலில் கேட்டது எங்கள் கம்பெனிக்கு எதிர் டீக்கடையில். கரிமருந்து என்று அவருடைய பாட்டுக்குழுவுக்குப் பெயர். பாடுகிறானா, யாரையாவது திட்டுகிறானா என்றே புரியாத ஒரு குரல். கிடார் என்றால் சினிமாவில் கடற்கரையில் வாசிப்பது என்றுதான் நினைத்திருந்தேன். இது இரும்பை அரம் போட்டு ராவுகிற மாதிரி இருந்தது. டீக்கடைக்காரர் நிறுத்தப் போனார். "கை வெச்சீங்கன்னா நாளையிலிருந்து எங்க ஆளு ஒருத்தன் இங்க டீ குடிக்க மாட்டான்" என்றேன். நாள் முழுக்க எங்கள் காதில் விழுகிற சத்தம் அம்மா அது. எங்கள் சத்தத்தை ஒருத்தன் எடுத்துப் பாட்டாக்கிவிட்டான்.

'சங்கு' பாட்டு உனக்குத் தெரியும்தானே? 'ஊதாதே, ஊதாதே, இன்னும் விடியலை.' முதல் ஷிப்டுக்குச் சங்கு ஊதுகிறது. ஆனால் தொழிலாளிக்கு விடியவில்லை. நான் நான்கு பக்கத் துண்டறிக்கையில் மூச்சுவாங்கச் சொல்வதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். பொறாமையாகக்கூட இருந்தது. அந்த கேசட்டை வாங்கி வந்து வீட்டில் தேயத் தேயப் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். வீட்டில்தான் சமாதானம் செய்து அனுப்பினார்கள்.

வரிசை நகர்கிறது. முன்னால் போ.

தொண்ணூற்றொன்றாம் வருஷம், மழைக்காலம். போனஸ் கேட்டோம் என்று ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் கேட்டில் பூட்டு. கதவடைப்பு. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது நின்றது. அப்போது நான் கஞ்சித் தொட்டி திறக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். உனக்குத் தெரிந்திருக்காது. வேலையைப் பறித்தான், எங்கள் அடுப்பு எரியவில்லை, ஊரே பார் என்று கம்பெனி வாசலிலேயே அடுப்பு மூட்டி, அண்டாவில் கஞ்சி காய்ச்சி, எல்லோருக்கும் ஊற்றுவது. பசிக்கும் ஆகும், பிரசாரத்துக்கும் ஆகும். திறந்துவைக்க ஒரு தலைவரைக் கூப்பிடலாம் என்றான் பலராமன். அவன் துணைச் செயலாளர். நான் சொன்னேன்: தலைவர்கள் வந்தால் அவர்கள் கட்சிக்காரர்கள்தான் வருவார்கள், டெரன்ஸைக் கூப்பிடுவோம். "அந்தச் சடாமுடியையா?" என்று பலராமன் சிரித்தான். சிரிக்கட்டும் என்று திருவல்லிக்கேணி மேன்ஷனுக்கு நானே போனேன்.

ஒரு சின்ன அறை. லுங்கியோடு கட்டிலில் உட்கார்ந்து கிடாருக்குக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. "வரேன் தலைவரே" என்றார். தலைவரே என்றார் அம்மா. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் எத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன் தெரியுமா?

நிகழ்ச்சிக்கு முதல் நாள் போலீஸ் வந்து எங்கள் மைக் செட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டது. கஞ்சி ஊற்று, ஆனால் பேசக் கூடாது என்று உத்தரவு. வாய் இல்லாமல் போராட்டமா? யோசித்தேன். பாட்டுக்காரனின் கருவிக்கு யாரும் தடை போடவில்லையே! ஒரு மீன்பாடி வண்டி, மூன்று சக்கரத்தில் சாமான் ஏற்றுவது. அதன்மேல் டெரன்ஸின் ஆம்ப்ளிஃபயர், பெரிய கறுப்புப் பெட்டி. டீக்கடையிலிருந்து ஒயர். அவர் பாட வேண்டும், கூட்டம் சேர வேண்டும், சேர்ந்ததும் நான் மைக்கை வாங்கிப் பேச வேண்டும். போலீஸ் சுதாரிப்பதற்குள் விஷயம் முடிந்துவிடும். இந்தத் திட்டம் யாருக்கும் தெரியாது. டெரன்ஸுக்குக்கூடச் சொல்லவில்லை. திட்டம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

நடந்தது. எஸ்டேட் முழுக்கத் திரண்டு வந்தது. மற்ற கம்பெனிக்காரர்கள் சுவரேறிப் பார்த்தார்கள். 'சங்கு' பாட்டு பாதிக்கு வந்தபோது கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. இதுதான் நேரம் என்று மைக்கை வாங்கினேன். வாங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஆள் நகரவில்லை. நனைந்துகொண்டே கேட்டார்கள். என் வாழ்நாளில் அப்படி ஒரு பேச்சு அதற்கு முன்னும் பேசவில்லை, பின்னும் பேசவில்லை. மூன்று நாள் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்து நடந்து தயாரித்த பேச்சு. பேசி முடித்தபோது என் செருப்பைக் காணோம், தொண்டை இல்லை. வீட்டில் வேறு என் குடையை எடுத்துக்கொண்டு வந்து, அதன் கம்பிகளை எல்லாம் வளைத்து வைத்திருந்தார்கள். நல்ல கறுப்புக் குடை, மாமனார் போட்டது. "ஒரு குடையை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதா?" என்று கத்தினேன். "காத்துங்க" என்று ஒரே சொல். அதை விடு. அது முக்கியமில்லை. முக்கியம் பேச்சு.

கடைசியில் என்ன ஆயிற்றா? பலராமன் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டான். பாதி போனஸ். பதினொரு பேரை மட்டும் திரும்ப வேலைக்கு எடுக்க மாட்டேன் என்றான் முதலாளி. பதினொன்றில் முதல் பெயர் என்னுடையது. பலராமன் பிறகு அதே கம்பெனிக்குக் கான்ட்ராக்டில் ஆள் அனுப்பிக் கார் வாங்கினான். நான் வேறு வேலைக்குப் போகவில்லை. போக மாட்டேன் என்று ஒரு வைராக்கியம். வீட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குக் காஜா பட்டன் வேலைக்குப் போனார்கள், அதில் வண்டி ஓடியது. நான் எழுதினேன், அச்சடித்தேன், கூட்டம் போட்டேன். எந்தக் கூட்டத்திலும் முதலில் 'சங்கு' பாட்டுதான். போட்டுவிட்டுச் சொல்வேன்: தோழர்களே, இது நமக்காக எழுதிய பாட்டு. நம் வாசலில் பாடிய பாட்டு. பாடியவன் இருக்கிறான், ஒருநாள் அவனே எழுதுவான், அதில் நம் பெயர்கள் இருக்கும்.

இப்போது தன் வாழ்க்கைக் கதையை எழுதிவிட்டார். இதோ, இரண்டு மாதமாகிறது வாங்கி. வெளிவந்த அன்றே வாங்கினேன். அட்டை ஏன் இப்படிக் கசங்கியிருக்கிறது என்று பார்க்கிறாயா? சுவரில் அடித்தேன். பிறகு எடுத்து ஒட்டினேன்.

முதலில் எங்களைத் தேடினேன். நாய்க்குப் பதினொரு பக்கம். அவர் வளர்த்த நாய், அது செத்தது, அவர் அழுதது. நானும் அழுதேன், நாய் என்ன பாவம் செய்தது? பிறகு கிடார் வாங்கின கதை, குடியை விட்ட கதை, மனைவி விட்டுப் போன கதை. இருக்கட்டும். 'சங்கு' எப்படிப் பிறந்தது என்று ஓர் அத்தியாயம். மடியில் வைத்துக்கொண்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன். என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? தெரியும்தானே, நீதான் படித்திருக்கிறாயே. ராத்திரி முழுக்கக் குடித்துவிட்டு நண்பன் வீட்டில் படுத்திருந்தாராம். பக்கத்து மில்லில் காலைச் சங்கு ஊதியதாம். தூக்கம் கெட்டுவிட்டதாம். அந்த ஆத்திரத்தில் எழுதினாராம்.

அவ்வளவுதான். தூக்கம்! எங்கள் விடியலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தூக்கம் கலைந்த ஒருத்தனின் எரிச்சலை நான் முப்பது வருஷம் மே தினத்தில் போட்டு ஜனங்களை எழுந்து நிற்கச் சொல்லியிருக்கிறேன். சங்கு ஊதி எழுந்து வேலைக்குப் போனவனைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. கேட்டால் சிரிப்பு வருகிறது, இல்லையா? எனக்கும் வந்தது. அடுத்த அத்தியாயம் படிக்கும் வரைக்கும்.

நகர், நகர். முன்னால் இன்னும் பத்துப் பேர் இருப்பார்கள்.

அந்தப் பக்கம் மனப்பாடம். கேள். "அம்பத்தூரில் ஏதோ ஒரு கம்பெனி வாசலில் ஒருமுறை வாசித்தோம். ஏதோ வேலைநிறுத்தம்." இரண்டு ஏதோ! அதுவும் வேலைநிறுத்தம் இல்லை. வேலைநிறுத்தம் தொழிலாளி செய்வது, கதவடைப்பு முதலாளி செய்வது. இந்த வித்தியாசம் தெரியாமலா வந்து பாடினார்? "பாட்டு நடுவில் ஒருவர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசினார். என்ன பேசினார் என்று நினைவில்லை."

ஒருவர். அது நான்தான் அம்மா. அந்த ஒருவர் நான்.

தலைவரே என்றவர்தான் எழுதுகிறார், ஒருவர் என்று. பிடுங்கவில்லை, வாங்கினேன். முக்கால் மணி நேரமும் இல்லை, இருபது நிமிஷம், அதிகம் போனால் இருபத்தைந்து. பதினொரு குடும்பம் தெருவுக்கு வந்த கதை. ஒரு பெயர் இல்லை, ஒரு கோரிக்கை இல்லை, தோற்றோமா ஜெயித்தோமா என்று ஒரு வரி இல்லை. நாய்க்கு மட்டும் பெயர் இருக்கிறது. ஜிம்மி.

ஆமாம், அதற்குப் பிறகு குடை வருகிறது. நீயும் அதைத்தான் சொல்கிறாயா? எல்லோருக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. வாசலில் இரண்டு பேர் அதைத்தான் பேசிக்கொண்டு போனார்கள். குடை பிடித்த அந்தப் பெண்ணைப் படம்கூட வரைந்து போட்டிருக்கிறார்களாமே, உன் போனில் இருக்கிறதா? காட்டு.

நன்றாகத்தான் வரைந்திருக்கிறார்கள். ஆனால் புடவை பச்சை இல்லை. புத்தகத்தில் பச்சை என்று இருக்கிறது, அது தப்பு. காப்பிப்பொடி நிறம், ஓரத்தில் மஞ்சள் கோடு. எப்படித் தெரியும் என்றால், வீட்டில் இருந்தது இரண்டே புடவை. பச்சை அன்றைக்குக் கொடியில் நனைந்துகொண்டிருந்தது.

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? ஆமாம். எங்கள் வீட்டில்தான். என் குடைதான்.

இதற்குப் போய் ஏன் அழுகிறாய்? அழுகிற விஷயமா இது? பார், என் துண்டறிக்கையின் நான்காவது கோரிக்கையே இதுதான். படி. 'போராட்டத்தைச் சிறுமைப்படுத்தும் குடைப் பத்தியை நீக்குக.' நூற்றுக்கணக்கான தொழிலாளிகள் மழையில் நிற்கிறார்கள், லத்தியோடு போலீஸ் நிற்கிறது, நான் பேசுகிறேன். இதில் ஒரு கலைஞன் கண்ணுக்கு ஒரு குடைதான் தெரிகிறது என்றால் அது என்ன பார்வை? அவளுக்கு அரசியலே தெரியாது அம்மா. சங்கம் என்றால் என்ன, கமிஷனர் அலுவலகம் எங்கே இருக்கிறது, ஒன்றும் தெரியாது. கேட்கவும் மாட்டாள். கஞ்சி காய்ச்ச வந்த பெண்களோடு வந்தாள். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். அவ்வளவுதான். பார்த்ததை எழுதுகிறவர் பெயராவது கேட்டாரா? 'ஒரு பெண்.' முடிந்தது. எத்தனை அலட்சியம் பார்த்தாயா, பெயர் கேட்கக்கூடத் தோன்றவில்லை!

என்ன?

பெயரா? அவள் பெயரா?

இந்திராணி.

இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே. நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. வீட்டில் என்றால் வீட்டில்தான், எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். தவறாக ஒன்றுமில்லை. சங்கத்தில் எல்லோரும் செயலாளர் வீட்டம்மா என்றுதான் சொல்வார்கள். போன ஆடியில் இறந்துபோனாள். நுரையீரல். எக்ஸ்போர்ட் கம்பெனியில் பஞ்சுத் தூசி. இந்தப் புத்தகம் வருவதற்கு முன்னாலேயே போய்விட்டாள். வந்தபிறகு இருந்திருந்தால் மட்டும் என்ன, படித்திருக்கவா போகிறாள்? படிப்பாள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். என் துண்டறிக்கைகளை மடித்து அடுக்கும்போது உதட்டை அசைத்துப் படிப்பாள். மடிப்பதை நிறுத்திவிட்டு என்ன படிப்பு என்று திட்டுவேன்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். படித்திருப்பாய், ஆனாலும் கேள், எனக்குச் சொல்ல வேண்டும். "மழை வந்ததும் என் ஆம்ப்ளிஃபயர் போயிற்று என்று நினைத்தேன். அணைத்தால் பேசுபவரின் குரல் போய்விடும், அணைக்காவிட்டால் பெட்டி எரிந்துவிடும். யாரும் சொல்லாமல் ஒரு பெண் வந்து அதன்மேல் குடையைப் பிடித்தார். அவர் தலைக்குமேல் குடையின் ஓரம்கூட இல்லை. காற்றில் குடை பின்னுக்கு மடங்கியது. இரண்டு கையாலும் கம்பிகளை இழுத்துப் பிடித்துக்கொண்டார்."

காற்று என்றுதான் சொன்னாள்.

"'நனையாதீங்கக்கா, நான் பிடிக்கிறேன்' என்றேன். 'அவரு பேசி முடிக்கட்டும்' என்றார். 'யாருக்கா அவரு?' என்றேன். பதில் இல்லை."

பதில் இல்லையாம். என் வீட்டுக்காரர் என்று சொல்லியிருக்கலாம். செயலாளர் என்றாவது சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? இரண்டு மாதமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெருமையா, கோபமா? நீ ஒரு பெண், உனக்குத் தெரியுமா? தெரியாது. எனக்கே தெரியவில்லை.

"அப்போதுதான் கவனித்தேன். அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. பேசுபவர் சொல்வதை அவரும் சொல்லிக்கொண்டிருந்தார். அரை வார்த்தை முன்னாலேயே சொன்னார். மைக்கில் இருந்தவர் ஒரு இடத்தில் தடுமாறி நின்றபோது இவர் உதடு நிற்கவில்லை. சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தார். பிறகு ஒரு இடத்தில் தனக்குள் சிரித்துக்கொண்டார். என் பாட்டை அன்றைக்கு எத்தனை பேர் கேட்டார்கள் என்று தெரியாது. நான் பார்த்த ஒரே ரசிகை அவர்தான். எனக்கு இல்லை."

இதைத்தான் நீக்கச் சொல்லியிருக்கிறேன்.

தண்ணீர் இருக்கிறதா? கொடு. மூடியைத் திறந்து கொடு அம்மா.

தடுமாறி நின்றேன், உண்மைதான். 'இந்தக் கஞ்சியில் மிதப்பது' என்று ஆரம்பித்துவிட்டு அடுத்தது வரவில்லை. 'பருக்கை அல்ல, எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூட நாட்கள்.' அதுதான் வரவேண்டியது. ஒரு கணம் நின்று பிறகு வந்துவிட்டது. கூட்டத்தில் யாருக்கும் தெரியாது என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தாளாம். நான் திரும்பிப் பார்த்திருந்தால் எடுத்துக்கொடுத்திருப்பாள். வண்டி என் பின்னால் இருந்தது. நான் கூட்டத்தைப் பார்த்து நின்றேன். பேசுகிறவன் கூட்டத்தைப் பார்த்துத்தானே நிற்க வேண்டும்?

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் பேச்சு நின்றுவிட்டது. முகத்தில் குழாய். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருக்கும். நர்ஸ் சொன்னாள், "பாட்டி சாமி கும்பிடுறாங்க" என்று. நான் சாமி இல்லாதவன் அம்மா. ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு என் வீட்டிலேயே கடைசியில் இப்படியா என்று கசந்துபோய், எழுந்து வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டேன். தினமும் அசைந்தது. தினமும் எழுந்து போனேன். காதை வைத்துக் கேட்கவில்லை. சாமி பெயரைத்தான் சொல்லியிருப்பாள். வேறு என்ன சொல்வாள்? சாமியாகத்தான் இருக்கும்.

இருக்கும்.

இன்னும் எத்தனை பேர்? மூன்றா? சரி. நீ எனக்கு முன்னால் நிற்கிறாய். ஒரு காரியம் செய். என் மேல் கோபப்படாமல் கேள்.

அந்தப் பேச்சு எனக்கு முழுக்க நினைவிருக்கிறது. இரண்டு மாதமாக முதலிலிருந்து கடைசி வரைக்கும் சொல்லிப் பார்க்கிறேன், சமையலறையில் நின்றுகொண்டு, துணி காயப்போட்டுக்கொண்டு. அதில் சிரிக்கிற மாதிரி ஒன்றுமே இல்லை. முதலாளியை நரி என்று ஒரு இடத்தில் சொன்னேன். அங்கேயா? பிறகு, 'என் வீட்டில் உள்ளவர்கள்கூட இந்தப் போராட்டத்துக்குத் தோள் கொடுக்கிறார்கள்' என்று ஒரு வரி இருந்தது. எல்லாப் பேச்சாளரும் சொல்கிற வரிதான், ஒரு வேகத்தில் வருவது. அங்கே சிரித்தாளா? அங்கே சிரித்தாள் என்றால் எந்த மாதிரிச் சிரிப்பு? அவர் பார்த்திருக்கிறார். முகத்துக்கு நேராக நின்று பார்த்திருக்கிறார். உலகத்தில் அந்த முகத்தைப் பார்த்த ஆள் அவர் ஒருத்தர்தான் மிச்சம். புடவை நிறம் தப்பாக இருந்தால் இருக்கட்டும், சிரிப்பு நினைவிருக்கும். எழுதியிருக்கிறாரே.

எத்தனை மேடையில் நின்றவன் நான், இந்த ஒரு கேள்வி எனக்கு வாயில் வரவில்லை. வீட்டில் ஒத்திகை பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் 'பாடகரே, பதில் சொல்லுங்கள்' என்றுதான் ஆரம்பிக்கிறது. நான் கேட்டால் அவர் பயந்துவிடுவார், அந்த நீலச் சட்டைக்காரன் வந்து தோளைப் பிடிப்பான், ஒரு நிமிஷம் முடிந்துவிடும். உன் குரல் மெதுவாக இருக்கிறது. நீ கேள். உன் ஒரு நிமிஷத்தை எனக்குக் கொடு.

துண்டறிக்கையா? இருக்கட்டும் பையிலேயே. நான்காவது கோரிக்கையை எப்படியும் திருத்த வேண்டும்.

பார், மனுஷன் எவ்வளவு ஒடுங்கிப்போய்விட்டார். முடியெல்லாம் கொட்டி. காதில் என்ன அது, மிஷினா? ஆமாம், கிடார் சத்தத்தில் காது போய்விட்டது என்று ஓர் அத்தியாயம் எழுதியிருந்தாரே. எங்கள் ஆட்கள் பாதிப் பேருக்கும் அப்படித்தான் போயிற்று.

கூப்பிடுகிறார்கள், போ அம்மா. ஒரு பெண் என்று சொல்லாதே. இந்திராணி என்று சொல். எந்த இடத்தில் சிரித்தாள் என்று கேள். கொஞ்சம் சத்தமாகக் கேள். நான் இங்கே நிற்கிறேன், இந்தத் தடவை உங்கள் பக்கம் திரும்பித்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.